கிருஷ்ணகிரியில் 20 சீட் கோவொர்க்கிங்: கையில் 6 லட்சம், தேறுமா?

பழையபேட்டை கேட்டது:

வணக்கம். கிருஷ்ணகிரி புது பஸ் ஸ்டாண்டுக்கு நடக்குற தூரத்துல ஒரு மாடி வாடகைக்கு வருது. முதல் மாடி, 1,100 சதுர அடி, ஒரே ஹால், பின்னாடி ஒரு சின்ன ரூம், ரெண்டு பாத்ரூம். மேல மொட்டை மாடி. வாடகை 16,000, அட்வான்ஸ் 1.5 லட்சம். 20 சீட் போட்டு கோவொர்க்கிங் ஸ்பேஸ் (பல பேர் சீட் வாடகைக்கு எடுத்து வேலை பார்க்கிற பொது ஆபீஸ்) நடத்தலாம்னு எண்ணம். குறி யாருன்னா, பெங்களூரு கம்பெனிகள்ல வேலை பார்த்துக்கிட்டு வாரத்துல பாதி நாள் ஊர்ல இருக்கிற ஐடி ஆளுங்க, தனியா தொழில் பண்ற டிசைனர், ஆடிட்டர் உதவியாளர், இன்சூரன்ஸ்காரங்க. நம்ம ஊருக்கு ரயிலும் கிடையாது, தினம் பஸ்ல போய் வர்றது கஷ்டம்.

மொத்த முதல் 6 லட்சம். அட்வான்ஸும் அதுக்குள்ளதான். தெரிஞ்சுக்க வேண்டியது:

மாசம் எவ்வளவு வாங்கினா கட்டும்? நெட்டுக்கு என்ன ஏற்பாடு? கரண்ட் போனா என்ன பண்றது? டேபிள், சேர் புதுசா, பழசா? ஜிஎஸ்டி எடுக்கணுமா? மாவட்டத் தொழில் மையத்துல மானியக் கடன் கிடைக்குமா?

தெரிஞ்சவங்க சொல்லுங்க. "மனசு வெச்சா முடியும்" ரகப் பதில் வேண்டாம்.

---

தென்பெண்ணை எழுதியது:

தம்பி, மத்த கேள்வியெல்லாம் அப்புறம். முதல்ல 20 சீட் கணக்கைப் போட்டுப் பார்த்துடுங்க.

வாடகை 16,000. கடைக் கனெக்‌ஷன்ல யூனிட் 10 ரூபாயை ஒட்டி வரும். ரெண்டு ஒன்றரை டன் ஏசி, 20 லேப்டாப், விசிறி, லைட் எல்லாம் சேர்த்து வெயில் காலத்துல 750 யூனிட்டுக்குக் குறையாது, 8,000 வைங்க. ரெண்டு நெட் லைன் 3,000. முன்னாடி உட்கார ஒரு ஆள் 12,000. கூட்டிப் பெருக்கி பாத்ரூம் கழுவ 4,000. தண்ணி, டீ, டிஷ்யூ, பினாயில் 3,000. ரிப்பேருக்குன்னு ஒதுக்கி வைக்க வேண்டியது 3,000. ஆக மாசம் 49,000.

இப்ப வரவு. சென்னை கொளத்தூர்ல 2024 நவம்பர்ல அரசாங்கமே முதல்வர் படைப்பகம்னு ஒரு கோவொர்க்கிங் இடம் திறந்தாங்க. அங்க அரை நாளுக்கு 50, முழு நாளுக்கு 100, மாசத்துக்கு 2,500 ரூபாய். அதைக் கேள்விப்பட்டவன் இங்க வந்து 4,000 கொடுக்க யோசிப்பான். நீங்களும் 2,500 வாங்கினா, 20 சீட்டும் ரொம்பினாக்கூட 50,000. மிச்சம் ஆயிரம் ரூபாய். 12 பேர் வந்தா வரவு 30,000, மாசம் 19,000 கைக்காசு போகும். முதல் மூணு மாசம் 12 பேரும் வரமாட்டாங்க, நாலஞ்சு பேர்தான்.

அதனால 20 சீட் வேண்டாம். 10 சீட் போடுங்க. ஹாலில் பாதியை அப்படியே விட்டுடுங்க. அங்க அடுக்கி வைக்கிற பிளாஸ்டிக் சேர் 25, ஒரு வெள்ளைப் பலகை, ஒரு பெரிய டிவி, அவ்வளவுதான். அரை நாள் வாடகைக்கு விடுற இடம் அது. இன்சூரன்ஸ் ஏஜென்ட் மீட்டிங், மாங்கூழ் கம்பெனிகளோட சீசன் ஆள் எடுப்பு, கிரானைட் வியாபாரிங்க பேச்சுவார்த்தை, டேலி வகுப்பு, எல்லாத்துக்கும் இப்ப ஹோட்டல் ஹாலைத்தான் தேடுறாங்க. அரை நாள் 750 வைங்க.

முன் ஆள் வேலையை நீங்களே பாருங்க. பத்து சீட்டுக்கு ஆள் வைக்கிறது வீண். அப்போ செலவு: வாடகை 16,000, ஒரே ஏசி என்பதால ஈ.பி. 5,000, நெட் 3,000, சுத்தம் 4,000, சில்லறை 2,000, ரிப்பேர் 2,000. மொத்தம் 32,000. வரவு: ஒதுக்கின சீட் 3,000 வீதம் 7 பேர்னா 21,000; ஹால் மாசம் 8 அரை நாள் 6,000; ஆபீஸ் முகவரி மட்டும் கேட்கிறவங்க 5 பேர் ஆயிரம் வீதம் 5,000. அதுவும் 32,000. ஏழு பேரோட செலவு கட்டிடுது, பத்தும் ரொம்பினா 9,000 மிச்சம். உங்க சம்பளம் இதுல இல்லைங்கிறதை மறந்துடாதீங்க.

2,500-க்கும் 3,000-க்கும் உள்ள அந்த 500 ரூபாய் வித்தியாசத்துக்கு என்ன கொடுக்கிறீங்கன்னு தெளிவா இருக்கணும். இப்ப எல்லார் வீட்லயும் ஃபைபர் இருக்கு, நெட்டைக் காட்டி விக்க முடியாது. வீட்ல குழந்தை சத்தம், கரண்ட் போனா மீட்டிங் அறுந்து போறது, சாயங்காலம் சொந்தக்காரங்க வந்து உட்கார்றது. இந்த மூணுக்கும் மருந்துதான் நீங்க விக்கிற சரக்கு. அதனால போன் பேசுற தனி அறையும் பேக்கப்பும் இல்லாம கடையைத் திறக்காதீங்க. ஓவியம் வரைஞ்ச சுவர், புல் தரை, பீன் பேக் எதுவும் வேண்டாம்.

இன்னொண்ணு. வாட்ஸ்அப்ல "சூப்பர் ஐடியா ப்ரோ, கண்டிப்பா வரேன்" சொல்றவங்க கணக்குல சேர மாட்டாங்க. கட்டடத்துக்குக் கையெழுத்து போடுறதுக்கு முன்னாடி அஞ்சு பேர்கிட்ட ஒரு மாசக் காசு, திறக்கலைன்னா திருப்பித் தர்றோம்னு ரசீது எழுதி வாங்கிப் பாருங்க. அஞ்சு தேறலைன்னா இடத்தை விட்டுடுங்க.

6 லட்சத்துல அட்வான்ஸ் 1.5 போக 4.5. அதுல 1.5 லட்சத்தை ஆறு மாச நஷ்டத்துக்குன்னு தொடாம பேங்க்ல போடுங்க. மிச்சம் 3 லட்சத்துக்குள்ள வேலையை முடிக்கணும்.

---

வயர்மேன்44 எழுதியது:

கரண்ட் பத்தி மட்டும் சொல்றேன்.

அந்த மாடி இதுவரை வீடா இருந்துதான்னு பாருங்க. வீட்டு கனெக்‌ஷன்லயே கடை நடத்தினா, மின்சாரச் சட்டம் 2003 பிரிவு 126-படி கடை வகைக்கான கட்டணத்தைப் போல ரெண்டு மடங்கு போடலாம். எப்போ இருந்துன்னு தெரியலைன்னா 12 மாசத்துக்குப் பின்னோக்கிப் போடுவாங்க. ஓனர் "பார்த்துக்கலாம்" சொல்வார், பில் வரும்போது உங்க தலையிலதான் வரும். வணிகக் கட்டணத்துக்கு மாத்தி, ஏசியும் இருக்கிறதால த்ரீ பேஸ் வாங்கிடுங்க. விண்ணப்பம் ஓனர் பேர்ல போகணும், அவர் கையெழுத்தை ஒப்பந்தம் போடுற அன்னைக்கே வாங்கிடுங்க.

வயரிங்: சீட்டுக்கு ரெண்டு 6 ஆம்ப் சாக்கெட். அஞ்சு சீட்டுக்கு ஒரு சர்க்யூட், 2.5 சதுர மி.மீ. காப்பர் வயர், 16 ஆம்ப் எம்சிபி (லோடு கூடினா தானா விழுற ஸ்விட்ச்). ஏசிக்குத் தனி லைன், 4 சதுர மி.மீ., 20 ஆம்ப். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் தரையில கிடக்கவே கூடாது.

ஆர்சிசிபி (கரண்ட் எர்த்துக்குக் கசிஞ்சா லைனைத் துண்டிக்கிற ஸ்விட்ச்) விஷயத்துல பலர் தப்பு பண்றாங்க. மொத்த ஹாலுக்கும் ஒரே 30 மில்லி ஆம்ப் ஆர்சிசிபி மாட்டிடுவாங்க. ஒவ்வொரு லேப்டாப் சார்ஜரும் கொஞ்சம் கொஞ்சம் எர்த்துக்குக் கசிய விடும், அது பழுது இல்ல, அதுக்குள்ள இருக்கிற ஃபில்டரோட இயல்பு. அதோட மானிட்டர், பிரிண்டர், ஆர்ஓ எல்லாம் சேர்ந்துச்சுன்னா காரணமே இல்லாம டிரிப் ஆகும். 30 எம்.ஏ. ஆர்சிசிபி 15 தாண்டினாலே விழலாம். எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டா அவர் ஆர்சிசிபியைக் கழட்டி நேரடியா கொடுத்துட்டுப் போயிடுவார். அதுதான் ஆபத்து. சாக்கெட் லைனை ரெண்டு ஆர்சிசிபியா பிரிச்சுட்டா இந்தத் தொல்லை இல்ல.

எர்த்: நம்ம ஊர் பாறை பூமி. நாலடி தோண்டினாலே குண்டுக்கல்லு. பைப்பை அரைகுறையா புதைச்சு உப்பும் கரியும் போட்டுட்டுப் போறது மார்ச் மாசம் மண் காஞ்சதும் வேலை செய்யாது. கெமிக்கல் எர்த்திங் போடுங்க, முடிச்சதும் மீட்டர் வெச்சு 5 ஓமுக்குக் கீழ காட்டச் சொல்லுங்க. மீட்டர் இல்லைன்னு சொல்ற ஆள்கிட்ட அந்த வேலையைக் கொடுக்காதீங்க.

பேக்கப்: லேப்டாப்ல பேட்டரி இருக்கு. அதனால மொத்த லோடையும் இன்வெர்ட்டர்ல ஏத்த வேண்டியதில்ல. பத்து சீட்டுக்கு நெட் சாமான் 60 வாட், எல்இடி லைட் ஆறு 120 வாட், பிஎல்டிசி விசிறி அஞ்சு 150 வாட். 330 வாட்தான். சாதா விசிறியா இருந்தா அதுவே 375 வாட் தின்னுடும், விசிறிக்கு மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். பத்து லேப்டாப்பும் சார்ஜ் ஏறினா இன்னொரு 450.

2 கேவிஏ, 24 வோல்ட் இன்வெர்ட்டர், 150 ஏஎச் டால் ட்யூபுலர் பேட்டரி ரெண்டு. காகிதத்துல 3,600 வாட் அவர். கைக்கு வர்றது 2,200-தான். லைட், விசிறி, நெட் மட்டும்னா ஆறரை மணி நேரம். லேப்டாப்பும் சேர்ந்தா மூணு மணி நேரம்கூட வராது. அதனால இன்வெர்ட்டர் லைன்லயே லேப்டாப் சாக்கெட்டுக்குத் தனி எம்சிபி போட்டு உங்க கை எட்டுற இடத்துல வைங்க. துணை மின்நிலையப் பராமரிப்பு நாள்ல காலையில 9 மணிக்குப் போய் மதியம் 2 மணிக்கு வருதுன்னா, அந்த அஞ்சு மணி நேரத்துல லேப்டாப் எம்சிபியை நடுவுல ஒரு மணி நேரம் மட்டும் தூக்கி விடுங்க. 330 வீதம் அஞ்சு மணிக்கு 1,650, லேப்டாப்புக்கு 450. சரியா போயிடும். எல்லாருக்கும் "முழு சார்ஜோட வாங்க"ன்னு முந்தின நாளே மெசேஜ். சாயங்காலம் 5 மணி வரைக்கும்னு அறிவிச்சிருந்தா ஜெனரேட்டர் வாடகைக்கு எடுங்க, இல்ல அன்னைக்கு லீவு விட்டு ஒரு நாள் காசைக் கழிச்சுக்கொடுங்க. வருஷத்துல சில நாளுக்காக நாலு பேட்டரி வாங்காதீங்க.

இன்வெர்ட்டர்ல யுபிஎஸ் மோடுன்னு ஒரு ஸ்விட்ச் இருக்கும், பின்பக்கமா இருக்கும் பெரும்பாலும். அதைப் போடாம விட்டா கரண்ட் மாறுற அந்தக் கண நேரத்துல ரௌட்டர் ரீஸ்டார்ட் ஆகி மூணு நிமிஷம் நெட் இருக்காது.

பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர்தான், போர் தண்ணி ஊத்தினா பிளேட்டு போயிடும்.

---

பழையபேட்டை எழுதியது:

தென்பெண்ணை அண்ணா, 20 சீட்டும் ரொம்பினாலும் ஆயிரம்தான் மிச்சம்னு பார்த்தப்ப தலை சுத்திடுச்சு. 10 சீட் வழி சரியா படுது. வயர்மேன் அண்ணா, வீடாதான் இருந்திருக்கு, ஓனர்கிட்ட பேசுறேன். நெட்டுக்கும் பேப்பர் வேலைக்கும் யாராவது சொல்லுங்க.

---

கம்பிவலை எழுதியது:

நெட்டுக்கு வர்றேன்.

வேகத்துக்கு ஆசைப்பட வேண்டாம். ஒரு வீடியோ காலுக்கு மேலயும் கீழயும் 3–4 எம்பிபிஎஸ் போதும். பத்து பேரும் ஒரே நேரத்துல பேசினாலும் 40. ஏறவும் இறங்கவும் சம வேகம் தர்ற 100 எம்பிபிஎஸ் லைன் ரெண்டு இருந்தா தாராளம். ஒரே ஒரு 500 எம்பிபிஎஸ் லைனை நம்புறதைவிட இது எவ்வளவோ மேல். ஒரு லைனாவது பிசினஸ் பிளானா இருக்கட்டும். வீட்டுப் பிளானைக் கடையில வெச்சுப் பங்கு போட்டுக் கொடுக்கிறதை ஒப்பந்தத்துல தடுத்திருப்பாங்க, பழுதுன்னா வர்ற வேகமும் வேற.

ரெண்டு கம்பெனின்னா மட்டும் போதாது, ரெண்டு வழி வேணும். தெருவுக்கு இறங்கி கம்பத்தைப் பாருங்க. ரெண்டு கேபிளும் ஒரே கம்பத்து வழியா வந்தா, பள்ளம் தோண்டுற ஜேசிபி ஒரே இழுப்புல ரெண்டையும் அறுத்துடும். ஒண்ணு முன் தெரு வழியா, இன்னொண்ணு பின் சந்து வழியா வரணும். மூணாவதா ஒரு சிம் போடுற 4ஜி ரௌட்டர், மீட்டிங் நடுவுல தப்பிக்க.

இன்னொரு பொறி. உங்க இன்வெர்ட்டர் ஓடும், ரௌட்டர்ல பச்சை லைட்டும் எரியும், நெட் மட்டும் வராது. ஏன்னா உங்களுக்கு லைன் கொடுக்கிற உள்ளூர் கேபிள்காரர் வெச்சிருக்கிற சாமானுக்குப் பேக்கப் இல்ல. கையெழுத்து போடுறதுக்கு முன்னாடி அந்தத் தெருவுல பராமரிப்பு மின்தடை வர்ற நாள்ல, தடை ஆரம்பிச்சு மூணு மணி நேரம் கழிச்சு, பக்கத்துக் கடைகள்ல நெட் ஓடுதான்னு போய்க் கேளுங்க. எந்தக் கம்பெனி லைன் நின்னுச்சு, எது நிக்கலைன்னு அன்னைக்கே தெரிஞ்சுடும். சேல்ஸ்மேன்கிட்ட கேட்டா எல்லாம் நல்லா ஓடும்னுதான் சொல்வார்.

ரௌட்டர்: ரெண்டு நெட் லைன் செருகக்கூடிய டூயல் வான் ரௌட்டர், டிபி-லிங்க் ஈஆர்605 மாதிரி ஒண்ணு, இல்ல மைக்ரோடிக். ரெண்டு லைனையும் சேர்த்து லோடு பேலன்ஸ் பண்ணாதீங்க. பேங்க் சைட் பாதியில லாக்அவுட் ஆகும், கம்பெனி விபிஎன் அறுந்து அறுந்து வரும், ஒரே ஆளோட போக்குவரத்து ரெண்டு ஐபியில (நெட் முகவரியில) போறதுதான் காரணம். அஞ்சு சீட்டை முதல் லைன்ல, அஞ்சு சீட்டை ரெண்டாவதுல கட்டி வைங்க. ஒண்ணு விழுந்தா மத்ததுக்கு மாறட்டும். அந்த மாற்றத்தை கேபிள் செருகியிருக்கா இல்லையான்னு பார்த்து முடிவு பண்ண விடாதீங்க. வெளியில நெட் செத்தாலும் மோடத்துக்கும் ரௌட்டருக்கும் நடுவுல லிங்க் உயிரோடதான் இருக்கும், ரௌட்டர் மாறாது. 1.1.1.1, 8.8.8.8ங்கிற வெளி சர்வர் ரெண்டுக்கும் பிங் போய் பதில் வருதான்னு பார்த்து மாறுற மாதிரி அமைக்கணும்.

ஒவ்வொரு சீட்டுக்கும் ஒரு வயர் போர்ட் கொடுங்க. கேட்6 நெட் கேபிள் பெட்டி 305 மீட்டர் வரும், பத்து சீட்டுக்குப் பாதிதான் ஆகும். வாங்கும்போது ஒரு இழையை பிளேடால சுரண்டுங்க. உள்ள வெள்ளையா தெரிஞ்சா அது அலுமினியத்து மேல செம்பு பூசினது. விலை பாதி, ஆனா போர்ட்ல அழுத்தும்போது உடையும், கொஞ்ச நாள்ல வேகம் குறையும். உள்ளயும் செம்பா இருக்கணும். வைஃபைக்கு கூரையில மாட்டுற ஆக்சஸ் பாயிண்ட் ஒண்ணு ஹாலுக்குப் போதும். ஒருத்தர் லேப்டாப் இன்னொருத்தருக்குத் தெரியாதபடி கிளையண்ட் ஐசோலேஷன் போடுங்க, ஆளுக்கு 20 எம்பிபிஎஸ் வரம்பு வைங்க. யார் எப்போ நெட்டுக்குள்ள வந்தாங்கங்கிற பதிவு 180 நாளைக்கு இருக்கணும், மத்திய அரசோட கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022-ல போட்ட உத்தரவு அதைத்தான் சொல்லுது. ஒரே பாஸ்வேர்டைச் சுவர்ல ஒட்டி வைக்கிற பழக்கம் வேண்டாம், ஆளுக்கொரு தனி பாஸ்வேர்டு வவுச்சர்.

மெடிக்கல் பில்லிங் ஆளுங்க வந்தா ஸ்டாட்டிக் ஐபி (மாறாத நெட் முகவரி) கேட்பாங்க, அவங்க கிளையண்ட் குறிப்பிட்ட ஐபியை மட்டும்தான் உள்ள விடுவான். கொடுக்கலாம், தனிக் காசு வாங்கலாம். ஆனா லைன் மாறினா ஐபியும் மாறும், அப்போ வேலை நிக்கும்னு முதல்லயே சொல்லிடுங்க. சில கம்பெனிங்க பொது இடத்துல உட்கார்ந்து நோயாளி விவரத்தைத் திறக்கவே அனுமதிக்காது. சேர்றதுக்கு முன்னாடி அவங்க ஆபீஸ்ல கேட்டுட்டு வரச் சொல்லுங்க, பிறகு காசு திருப்பிக் கேட்டு நிப்பாங்க.

---

பேரேடு எழுதியது:

வாடகை ஒப்பந்தம், வரி, கடன் பற்றி.

ஒப்பந்தத்தில் முக்கியமான வரி ஒன்றே ஒன்று: "இடத்தை மேசை வாரியாகப் பிறர் பயன்படுத்த அனுமதி அளித்துக் கட்டணம் பெற உரிமையாளர் சம்மதிக்கிறார்." 2017-ம் ஆண்டு தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி உரிமையாளரின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் உள்வாடகைக்கு விடக் கூடாது. வாய்ச் சம்மதம் செல்லாது. வாடகை ஒப்பந்தத்தை வாடகை அதிகாரியிடம் பதிவும் செய்யுங்கள். உங்களிடம் வருகிறவர்களுக்கு நீங்கள் எழுதிக்கொடுப்பது வாடகைப் பத்திரமாக இருக்கக் கூடாது, பயன்படுத்தும் அனுமதிச் சீட்டாக மட்டும் இருக்கட்டும். இல்லாவிட்டால் காசு கட்டாதவரை எழுப்புவது பெரிய பாடு.

மற்றவை: உரிமையாளர் 3 வருடம் காலி செய்யச் சொல்லக் கூடாது, நீங்கள் 2 மாத முன்னறிவிப்பில் போகலாம். நீங்கள் போட்ட ஏசி, பார்ட்டிஷன், இன்வெர்ட்டரைக் கழற்றி எடுத்துப்போகலாம் என்று பொருள் வாரியாக எழுதுங்கள். வேலை நடக்கும் 30–45 நாளுக்கு வாடகை கேட்காமல் பேசிப் பாருங்கள். மாடி ரொம்ப நாளாகக் காலியாகக் கிடந்தால் முதல் ஆறு மாதம் 8,000 நிலையாகவும் மேல் வரவில் ஒரு பங்காகவும் தருகிறேன் என்றும் கேட்கலாம், சிலர் ஒப்புக்கொள்வார்கள்.

ஜிஎஸ்டி: சேவைத் தொழிலுக்கு ஆண்டு வரவு 20 லட்சம் தாண்டினால்தான் கட்டாயம். உங்கள் கணக்கு 5 லட்சத்தை ஒட்டி நிற்கிறது. யாரோ ஒரு கம்பெனி பில் கேட்கிறது என்பதற்காக அவசரப்பட்டுப் பதிவு எடுக்காதீர்கள். எடுத்தால் 3,000 சீட்டுக்கு மேல் 18%, அதாவது 540 ரூபாய். தனிநபர் அதைத் திரும்பப் பெற முடியாது. இன்னொன்றும் சேர்ந்து வரும். 2024 அக்டோபர் 10 முதல், பதிவில்லாத உரிமையாளரிடம் கடை வாடகைக்கு எடுக்கும் பதிவுள்ளவர், வாடகைக்கான 18 சதவீதத்தை ஆர்சிஎம் முறையில் தானே கட்ட வேண்டும். 16,000-க்கு 2,880. பிறகு உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்ளலாம்தான், ஆனால் முதலில் ரொக்கமாகக் கட்டியாக வேண்டும்.

தென்பெண்ணை சொன்ன முகவரிச் சேவை நல்ல வரவு, ஆனால் கவனம். ஜிஎஸ்டி பதிவுக்கு அவர்கள் காட்டப்போவது உங்கள் உரிமையாளரின் சொத்து வரி ரசீதும் ஈ.பி. பில்லும். அவர் சம்மதம் இதற்கும் தனியாக வேண்டும். அதிகாரி நேரில் வந்து பார்க்கலாம். பெயர்ப் பலகை, தபால் பதிவேடு, ஆதார்–பான் நகல் எல்லாம் தயாராக இருக்கட்டும். ஆள் முகம் பார்க்காமல் வாட்ஸ்அப்பிலேயே முகவரி கேட்பவரைத் தவிர்த்துவிடுங்கள். விலகும்போது பதிவில் முகவரியை மாற்றாமல் போய்விடுவார்கள், இரண்டு வருடம் கழித்து நோட்டீஸ் உங்கள் வாசலில் விழும். 2 மாதக் கட்டணத்தை வைப்பாக வாங்கி, திருத்திய பதிவுச் சான்றிதழைக் காட்டின பிறகே திருப்பிக் கொடுங்கள்.

கடன்: பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டம், அதாவது பிஎம்இஜிபி, சேவைத் தொழிலுக்கு 20 லட்சம் வரை. நகர்ப்புறத்தில் பொதுப் பிரிவுக்கு மானியம் 15%, சொந்தப் பங்கு 10%. பெண்கள், பட்டியல் இனத்தவர், பிற்படுத்தப்பட்டோர் உள்ளிட்ட சிறப்புப் பிரிவுக்கு 25%, சொந்தப் பங்கு 5%. ஊராட்சிப் பகுதியானால் முறையே 25, 35. நகராட்சி எல்லைக்கு உள்ளேயா வெளியேயா என்பது பத்து லட்சத்துக்கு ஒரு லட்சம் வித்தியாசம் தருகிறது, இடம் பார்க்கும்போதே யோசியுங்கள். கட்டட வாடகையை 3 வருடம் வரை திட்டச் செலவில் சேர்க்கலாம். மானியம் கையில் வராது, 3 வருடம் வங்கியில் வைப்பாக நின்று பிறகுதான் கடனில் கழியும்.

பெரும்பாலோர் சறுக்குவது வரிசையில். முதலில் சொந்தக் காசில் திறந்துவிட்டு, பிறகு விண்ணப்பம் போடுவார்கள். ஏற்கெனவே நடக்கும் தொழிலுக்கு இந்தத் திட்டம் கிடையாது. கடன் வேண்டுமானால் ஒப்புதல் வந்த பிறகே வாங்குங்கள். உங்கள் கணக்கில் மாத மிச்சம் 9,000 என்றால் பெரிய கடன் தாங்காது என்பது என் கருத்து. சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவு இலவசம், காசு கேட்கும் தளம் எதுவும் அரசுத் தளம் அல்ல.

---

இழைப்புளி எழுதியது:

டேபிள் வாங்காதீங்க, செய்யுங்க. 8க்கு 4 அடி ஷீட் ஒண்ணுல 4க்கு 2 அடி மேல்பலகை நாலு வரும், துளி வீணாகாது. பத்து சீட்டுக்கு ரெண்டரை ஷீட். மூணு வாங்கினா மிச்ச அரை ஷீட் பிரிண்டர் மேடைக்கு ஆகும். 18 மி.மீ. பிளைவுட் போடுங்க. பார்ட்டிகிள் போர்டு விலை குறைவு, ஆனா மாப் தண்ணி பட்டா ஓரம் ஊறி வடையாட்டம் உப்பிடும். கால் ஒன்றரை இன்ச் சதுரப் பைப், 16 கேஜ், வெல்டிங் பட்டறையில சொல்லி அடிக்கலாம். நடுவுல ஒரு குறுக்குப் பைப் கட்டாயம், இல்லன்னா நாலடி நீளம் ஒரு வருஷத்துல நடுவுல தொங்கும். உயரம் பலகை மேல் வரைக்கும் 29 இன்ச். சுவருக்கும் டேபிளுக்கும் நடுவுல ஒரு இன்ச் இடைவெளி விடுங்க, சார்ஜர் வயர் அதுல இறங்கும். ஓரப் பட்டி 2 மி.மீ. பிவிசி, மெஷின்ல ஒட்டினது. கையால ஒட்டினது மணிக்கட்டு உரசுற இடத்துல முதல்ல பிரியும்.

சேர் பழசு வாங்கலாம். பெங்களூர்ல ஆபீஸ் காலி பண்றவங்க விக்கிறது நல்ல சரக்கு, புதுசுல பாதி விலைக்கும் கீழ வரும். கவுத்துப் போட்டு நைலான் காலோட அஞ்சு கையும் சேர்ற நடுவுல விரிசல் இருக்கான்னு பாருங்க. அப்புறம் முழு உயரத்துக்கு ஏத்தி உட்கார்ந்து பத்து நிமிஷம் பேரம் பேசுங்க. பேசி முடிக்கிறதுக்குள்ள நீங்க கீழ இறங்கியிருந்தா சேர் உயரத்தைத் தாங்குற கேஸ் லிஃப்ட் போச்சு, அதைச் சொல்லி விலையைக் குறைங்க. பில் இல்லாம வண்டி ஏத்தாதீங்க. சரக்கு மதிப்பு 50,000 தாண்டினா ஈ-வே பில் (சரக்கு கொண்டு போறதுக்கான ஆன்லைன் சீட்டு) வேணும், கர்நாடக எல்லை அத்திப்பள்ளி தாண்டினதும் மடக்கினா பதில் சொல்லணும்.

போன் அறை ரெண்டு வேணும் பத்து சீட்டுக்கு. உள்ளளவு 4க்கு 4 அடி, உயரம் 7. ரெண்டு பக்கமும் ஜிப்சம் போர்டு, நடுவுல 50 மி.மீ. ராக்வூல் (சத்தத்தை உறிஞ்சுற கல் இழைப் பஞ்சு). முட்டை அட்டை மாதிரி இருக்கிற ஃபோம் எதிரொலியைத்தான் குறைக்கும், சத்தத்தை நிறுத்தாது. அதை ஒட்டிட்டு சவுண்ட் ப்ரூஃப்னு சொல்றவங்களை நம்பாதீங்க. சத்தம் சுவர் வழியா போறதைவிடக் கதவு இடுக்கு வழியாத்தான் போகும். கனமான ஃபிளஷ் டோர், சுத்தி ரப்பர் கேஸ்கெட், கதவுக்கு அடியிலயும் ரப்பர் பட்டை. காத்துக்கு 4 இன்ச் எக்ஸாஸ்ட் ஃபேன் மேல, உள்ள காத்து வர்ற துளையை வளைஞ்ச டக்ட்டா விடுங்க, நேர் ஓட்டை போட்டா அது வழியா பேச்சு வெளிய வரும். ஃபேன் மறந்தா பத்து நிமிஷத்துல வேர்த்து ஊத்தி வெளிய வந்து பேச ஆரம்பிச்சுடுவாங்க.

---

அதியமான்கோட்டை எழுதியது:

தருமபுரி பக்கத்துல இருந்து ஒரு யோசனை. காலியா விடுற பாதி ஹாலை டிஎன்பிஎஸ்சி படிக்கிற பசங்களுக்கு ரீடிங் ரூமா விடலாமே? மாசம் 700 வீதம் 20 பேர்னா 14,000. ஹால் வாடகைன்னு எப்பவோ வர்ற 750-ஐ நம்பறதைவிட நிச்சயமான காசு.

---

தென்பெண்ணை எழுதியது:

நிச்சயமான காசுதான், ஒத்துக்கிறேன். ஆனா ஒரே ஹால்ல ஆகாது. படிக்கிறவனுக்குப் பேனா விழுற சத்தமும் கூடாது, ஐடிகாரன் பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை "ஆடிபிளா இருக்கா"ன்னு கேட்பான். ரெண்டு பேரும் உங்ககிட்டதான் சண்டைக்கு வருவாங்க. கொளத்தூர்லயே பாருங்க, வேலை பார்க்க ஒரு தளம், படிக்க வேற தளம். 20 பேர் கூடினா பாத்ரூம், பைக் நிறுத்தற இடம், ஏசி எல்லாம் மறுபடி 30 பேர் கணக்குக்குப் போயிடும். வேணும்னா காலை 5 முதல் 9 வரை மட்டும் ரீடிங் ரூம், மாசம் 400, ஏசி கிடையாதுன்னு விடலாம். திறந்து விட ஒரு ஆள் விடியற்காலையில எழுந்திருக்கணும், அந்த ஆள் நீங்கதான்.

---

பழையபேட்டை எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. 10 சீட், ரெண்டு போன் அறை, பாதி ஹால் காலி. கடன் வேண்டாம். ரெண்டு சந்தேகம் பாக்கி: மேல மொட்டை மாடிங்கிறதால ஏப்ரல்ல ஒரு ஏசி தாங்குமா? குடிக்கிற தண்ணிக்கு போர் தண்ணியில ஒரு ஃபில்டர் போட்டா போதுமா?

---

வயர்மேன்44 எழுதியது:

வெயில் நேரா அடிக்கிற கான்கிரீட்டுக்குக் கீழ 1,100 சதுர அடிக்கு ஒன்றரை டன் ஒண்ணு தாங்காது. சீட் இருக்கிற பாதியை கூரை உயரத்துக்கு ஒரு பார்ட்டிஷன் வெச்சு அடைச்சுடுங்க, அந்த 500 சதுர அடிக்கு மட்டும் ஏசி. அதுக்கும் ஒண்ணு போதுமான்னு ஏசிகாரரைக் கூப்பிட்டுக் கணக்குப் போட்டுப் பாருங்க. அதோட மொட்டை மாடியில வெள்ளை கூல் ரூஃப் பெயிண்ட் ரெண்டு கோட்டு. அடிக்கிறதுக்கு முன்னாடி பாசியைத் தேச்சுக் கழுவி, விரிசலை அடைச்சு, ரெண்டு நாள் காய விடணும். ஈரத்துமேல அடிச்சா முதல் மழையில உரியும். ஓனருக்கும் அது லாபம், பாதிக் காசு அவர்கிட்ட கேளுங்க. மேற்கு பக்க ஜன்னலுக்கு உள்ள திரை போடுறதைவிட வெளிய மூங்கில் தட்டி கட்டுங்க. உள்ள போட்டா கண்ணாடி தாண்டி வந்த சூடு வந்ததுதான்.

தண்ணிக்கு: கிருஷ்ணகிரி, தருமபுரி ரெண்டு மாவட்டத்துலயும் நிலத்தடி நீர்ல ஃப்ளூரைடு, அதுக்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்துச்சு. லிட்டருக்கு 1.5 மில்லி கிராம் தாண்டினா குடிக்கக் கூடாது. கேண்டில் ஃபில்டர், யூவி ரெண்டும் ஃப்ளூரைடை எடுக்காது. காய்ச்சினா தண்ணி சுண்டி அடர்த்தி கூடத்தான் செய்யும். குழாய்ல ஒகேனக்கல் தண்ணி வருதான்னு ஓனர்கிட்ட கேளுங்க. வரலைன்னா ஆர்ஓ, இல்ல 20 லிட்டர் கேன். ஆர்ஓ போட்டா கழிவுத் தண்ணியை பாத்ரூம் டிரம்முக்குத் திருப்பி விடுங்க, தரை கழுவ ஆகும்.